வாலுக்கு இடமில்லை

ஐந்தாவது பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்றேன்.
திமிங்கிலம், என்றாள் ஆரபி.
திமிங்கிலக் கேக்கா, திமிங்கில பலூனா?
திமிங்கிலம்.
முழுசாய்.

பங்குனியில் ஒருநாள் கோயில் மலையில் நின்று
அவள் பார்த்தது ஒரேயொரு மூச்சு.
தூரக் கடலில் யாரோ
பைப்பைத் திறந்து உடனே பூட்டினது போல
ஒரு வெள்ளை. அவ்வளவுதான்.
உடம்பு தண்ணிக்குள்ளேயே நின்றுவிட்டது.
மிச்சத்தை நாங்கள் செய்யவேணுமாம்.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்கு:
கேக் எட்டாயிரம். நீல பலூன் ஐம்பது.
ரோல்ஸ், மிக்சர், கச்சான்.
பாலர் பாடசாலைப் பிள்ளைகள் பதினொன்று,
அம்மாமார் பதினொன்று,
சொல்லாமல் வரும் தம்பி தங்கைகள் எத்தனையோ.
ஜெலியில் கடல் செய்யலாம் என்று எழுதி
அடுத்த நாளே வெட்டினேன்.
ஹம்தானின் உம்மா போனில்
தயங்கித் தயங்கிக் கேட்டா, என்ன ஜெலி என்று.
கடற்பாசி காய்ச்சிறன் என்றேன்.
அவவே காய்ச்சிக் கொண்டுவாறாவாம்,
பெரிய தட்டில், நீலமாய்.
கடலை யார் கொண்டுவந்தால் என்ன.

பிறகு நீளம்.
இருபத்தைந்து மீற்றர் என்று
போனைப் பார்த்துச் சொன்னார் இவர்.
"சின்னனாய்ச் செய்வம்."
சின்னன் எண்டால் அது மீன், என்றாள் மகள்.

கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து
குசினிப் படியிலிருந்து பிடித்தோம்.
வாய் படியில்.
கண் தண்ணீர்த் தாங்கியடியில்.
முருங்கையைத் தாண்டியது முதுகு.
உடுப்புக் கொடிக்குக் கீழே வயிறு.
பதினேழில் வேலி வந்துவிட்டது.
எட்டு மீற்றர் மிச்சம், வாலோடு சேர்த்து,
எமில்டா அக்காவின் வளவில்.

எமில்டா அக்காவோடு நாங்கள் கதைத்து
ஒரு வருசமும் ஏழு மாதமும்.
ஒரு தூண். அரையடி.
நில அளவைக்காரர் வந்து, போய், திரும்ப வந்து,
ரெண்டு பக்கமும் பிழை என்ற மாதிரி
ஒரு கடதாசி தந்துவிட்டுப் போனார்.

கேற்றைத் தட்டியபோது
கயிற்றின் நுனி என் கையில் இருந்தது.
அதைக் கண்டதும் அவவின் முகம் இறுகியது.
"திரும்பவும் அளக்கிறியளோ?"
இல்லை அக்கா. வால், என்றேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது
நான் சொன்னது.
நாய் ஒருமுறை குரைத்து ஓய்ந்தது.
அவ வேலியைப் பார்த்தா.
"எவ்வளவு அகலம்?"

சீனக்குடா மா ஆலையிலிருந்து
இவர் கொண்டுவந்த வெறுஞ் சாக்குகள்
கழுவியும் மாவாடை போகாமல்,
நீலப் பெயின்ற் அடித்துக் கொடியில்.
தைத்துத் தைத்து என் நகமெல்லாம் நீலம்.
வால் மட்டும் கடதாசி மட்டை.
வேலியில் இரண்டு தகரம் கழற்றினோம்.
எப்போது திருப்பிப் பூட்டுவது என்று
இரண்டு பக்கமும் கேட்கவில்லை.
கடலுக்குள் பாசி இல்லாமலா என்று
அக்கா தன் பாத்தியின் பொன்னாங்காணியைப் பிடுங்கி
வாலைச் சுற்றிச் செருகினா.
இரவு பத்தரை வரைக்கும்.

விடிய, வால் இல்லை.
மூன்று மான்கள் அங்கேயே படுத்திருந்து
மட்டையின் கடைசித் துண்டை
அவசரமில்லாமல் அரைத்துக்கொண்டிருந்தன.
இந்த ஊர் மான்களுக்குத்
தெரு வேறு வளவு வேறு இல்லை.
தகரத்தைக் கழற்றியது நாங்கள்தானே.

ஆரபி அழுவாள் என்று
ஆளுக்கொரு பொய் யோசித்து வைத்திருந்தோம்.
அவள் தலையிலிருந்து மெல்ல நடந்து வந்தாள்.
வாலில்லாத இடத்தைப் பார்த்தாள்,
"அது தண்ணிக்குள்ள," என்றாள்.
திரும்ப முதுகடிக்குப் போய் நின்று கேட்டாள்:
"மூச்சு எங்க?"

அவள் கண்டது அது ஒன்றுதான்.
பில்லின் பின்பக்கம் முழுக்கத் தேடினேன்.
மூச்சை ஒருத்தரும் எழுதவில்லை.

மூன்றரை மணி. நாலுக்குப் பிள்ளைகள்.
எமில்டா அக்கா தன் பூக்கண்டுக் குழாயை
வேலி இடைவெளியால் இழுத்து வருகிறா,
முருங்கையைச் சுற்றி, கொடிக்குக் கீழால்.
முதுகு வரைக்கும் எட்டவில்லை.
"கொஞ்சம்தான்," என்கிறா மூச்சிரைக்க,
"இன்னும் ஒரு அரையடி."
நானும் பிடித்து இழுக்கிறேன்.